பெயரே தெரியாத அமெரிக்க மதப் பல்கலைக்கழகங்கள்: ஏன் பிரபலமாகவில்லை? நம்பிச் சேரலாமா?

அமெரிக்காவில் மேல்படிப்புக்கு முயற்சி செய்யும்போது, கன்சல்டன்சி தரும் பட்டியலில் முன்பின் கேள்விப்படாத ஒரு கிறிஸ்தவப் பல்கலைக்கழகம் இருக்கலாம். "இப்படி ஒரு யுனிவர்சிட்டி நிஜமாவே இருக்கா?" என்ற சந்தேகம் வீட்டில் எழும். பெயர் தெரியவில்லை என்பதற்காக அது போலி ஆகிவிடாது. ஆனால் சரிபார்க்காமல் பணம் கட்டினால் விசாவே போகலாம்.

மதம்தான் காரணமா?

இல்லை. 1789-ல் தொடங்கிய ஜார்ஜ்டவுன், 1842-ல் தொடங்கிய நோட்டர் டேம் இரண்டுமே கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்கள்தான். இரண்டும் உலகப் புகழ் பெற்றவை. சிறியவை வெளியே தெரியாததற்குக் காரணங்கள் வேறு.

1. தரவரிசையில் இடமில்லை

கியூஎஸ் போன்ற உலகத் தரவரிசைகள் ஆராய்ச்சிக்கும், மற்ற பேராசிரியர்களிடையே உள்ள பெயருக்கும் அதிக மதிப்பெண் தருகின்றன. கலிபோர்னியாவில் 1971-ல் தொடங்கிய தாமஸ் அக்வினாஸ் கல்லூரியில் சில நூறு மாணவர்களே படிக்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே பாடத்திட்டம், இளநிலைப் பட்டம் மட்டும்தான். பிஎச்டி, ஆராய்ச்சிக் கூடம் எதுவும் இல்லாத இடம் இந்தப் பட்டியல்களுக்குள் வரவே வாய்ப்பில்லை.

2. டிவியில் வருவதில்லை

அமெரிக்காவில் ஒரு கல்லூரியின் பெயரை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்ப்பது விளையாட்டுதான். நோட்டர் டேம் தனது சொந்த மைதான ஃபுட்பால் ஆட்டங்களை 1991 முதல் என்பிசி சேனல் வழியாக ஒளிபரப்பி வருகிறது. வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள கன்ஸாகா, 1887-ல் இயேசு சபையினர் தொடங்கியது. நூறு ஆண்டுகளுக்கு மேல் அந்த வட்டாரத்தைத் தாண்டி அவ்வளவாகத் தெரியாமல் இருந்த அது, 1999 தேசிய கூடைப்பந்து போட்டியில் கடைசி 8 அணிகளுக்குள் வந்த பிறகுதான் நாடு முழுக்கப் பேசப்பட்டது.

3. வெளியாட்களைத் தேடுவதில்லை

பல சிறிய நிறுவனங்கள் தங்கள் சபைக் குடும்பங்களிலிருந்தே மாணவர்களைச் சேர்க்கின்றன. சர்ச், மதப் பள்ளி, முன்னாள் மாணவர்கள் வழியாகவே இடங்கள் நிரம்பிவிட்டால் விளம்பரம் எதற்கு?

4. அரசுத் தளத்திலும் பெயர் இருக்காது

பென்சில்வேனியாவின் குரோவ் சிட்டி கல்லூரி, அரசு விதிகளுக்குள் வர விரும்பாமல் 1984-ல் உச்ச நீதிமன்றம் வரை போனது. இன்று மத்திய அரசின் மாணவர் உதவித்தொகையே வேண்டாம் என்று ஒதுங்கி நிற்கிறது. இப்படி ஒதுங்கும் கல்லூரிகள் அரசின் 'காலேஜ் ஸ்கோர்கார்டு' தளத்தில் இடம்பெறாது.

போலியிடம் சிக்கினால்?

கலிபோர்னியாவின் டிரை-வேலி பல்கலைக்கழகம் தன்னைக் கிறிஸ்தவக் கல்வி நிறுவனம் என்றே சொல்லிக்கொண்டது. 2011-ல் அதிகாரிகள் சோதனை நடத்தியபோது, அதில் 1,500-க்கும் மேற்பட்ட மாணவர்கள் பதிவாகியிருந்தனர். அவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள், குறிப்பாக ஆந்திராவைச் சேர்ந்தவர்கள். சிலரின் காலில் கண்காணிப்புக் கருவி மாட்டப்பட்டது. இந்தியா கண்டனம் தெரிவித்தது. நிறுவனருக்கு 2014-ல் 16 ஆண்டுகளுக்கு மேல் சிறைத் தண்டனை கிடைத்தது.

கவனிக்க வேண்டியது இதுதான்: விசாவுக்கான ஐ-20 படிவம் வழங்கும் அனுமதி டிரை-வேலியிடம் இருந்தது. அக்ரெடிடேஷன் எனப்படும் தர அங்கீகாரம்தான் இல்லை. அதனால் ஐ-20 கைக்கு வந்துவிட்டாலே எல்லாம் சரி என்று நினைக்கக் கூடாது.

சேரும் முன் என்ன பார்க்கணும்?

* அமெரிக்கக் கல்வித் துறை அங்கீகார நிறுவனங்களின் பட்டியலை இணையத்தில் இலவசமாக வெளியிடுகிறது. கல்லூரிக்கு அங்கீகாரம் கொடுத்த அமைப்பு அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

* புளோரிடா போன்ற மாநிலங்களில், மதப் படிப்பு மட்டும் நடத்தும் நிறுவனங்களுக்கு மாநில உரிமத்திலிருந்து விலக்கு உண்டு. 'மாநில விதிப்படி நடக்கிறது' என்பது தர அங்கீகாரம் ஆகாது.

* எச்1பி விசாவில் முதுநிலைப் பட்டதாரிகளுக்கான தனி ஒதுக்கீட்டுக்கு, அங்கீகாரம் பெற்ற அரசு அல்லது லாப நோக்கமற்ற நிறுவனத்தின் பட்டம் வேண்டும்.

* நடத்தை விதிகளையும் படித்துவிடுங்கள். மார்மன் திருச்சபையின் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் மது மட்டுமல்ல, காபி, டீ கூட மாணவர்களுக்குக் கூடாது. சில இடங்களில் வழிபாட்டுக் கூட்டத்துக்கு வருவது கட்டாயம்.

கல்லூரி சிறியதா பெரியதா என்பதை விட, அதன் பட்டம் செல்லுமா என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள். அட்வான்ஸ் கட்டுவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.