ஆர்கேட் ஒருகாலத்தில் விசராஸ்பத்திரி

ஹெவ்லொக் டவுனில் இருக்கிற எங்களுக்கு ஆர்கேட் என்றால் வாரக்கடைசி. ஜாவத்தை வீதியால் நடந்தால் அரை மணித்தியாலம் அளவில் போய்விடலாம். காசு இருந்தால் ஓட்டோ. வெள்ளைச் சுவர், கடிகாரக் கோபுரம், நீள நீள விறாந்தைகள், ஐஸ்கிரீம், படம். யாருக்காவது பிறந்தநாள் என்றால் அந்தத் தூண்களுக்கு நடுவில் நின்று ஃபோட்டோ. வெள்ளைக்காரன் கட்டின பழைய பில்டிங் என்பதற்கு மேலே நாங்கள் யாரும் யோசித்ததில்லை.

ஒருநாள் எங்களில் ஒருத்தி தன் அம்மம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தாள். அம்மம்மா வாசலில் நின்று மேலேயும் கீழேயும் பார்த்தா. "இது முந்தி விசராஸ்பத்திரியடி. எங்கட அப்பா சொல்லுவார்" என்றா. நாங்கள் சிரித்தோம். வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தபோது சிரிப்பு போய்விட்டது.

அம்மம்மா சொன்னது உண்மைதான். 1880களில் கறுவாத்தோட்டத்தில் கட்டப்பட்ட ஜாவத்தை மனநோயாளர் காப்பகம்தான் அந்தக் கட்டடம். 2014இல் கடைத்தொகுதியாகத் திறக்கப்படும் முன் பல வருடங்கள் அங்கே அரச அலுவலகங்கள் இருந்தன. ஆனால் கட்டினது அலுவலகத்துக்கு இல்லை. நாங்கள் நின்று ஃபோட்டோ எடுக்கிற விறாந்தைகளில் ஆட்களை அடைத்து வைத்திருந்தார்கள்.

அதற்கும் முந்தின கதை ஒன்று உண்டு. பிரித்தானியர் காலத்தின் தொடக்கத்தில், மனம் குழம்பியவர்களை வைத்திருக்க இலங்கையில் தனியாக ஓர் இடம் இருக்கவில்லை. ஹெந்தளையில் ஒல்லாந்தர் கட்டின தொழுநோய் மருத்துவமனையிலேயே அவர்களையும் விட்டார்கள். தொழுநோய்க்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? ஊர் கண்ணில் படக்கூடாத ஆட்கள் என்ற ஒரே சம்பந்தம்தான். 1839இல் முதலாவது சட்டம் வந்தது, 1847இல் பொரளையில் காப்பகம் வந்தது. அதில் இடம் போதாமல்தான் ஜாவத்தை.

ஜாவத்தையிலும் சீக்கிரமே நெரிசல். அதோடு, சுற்றிவர இருந்த கறுவாத்தோட்டமும் மாறிக்கொண்டிருந்தது. பெரிய பங்களாக்கள் எழும்பின, 1893இல் பக்கத்திலேயே குதிரைப் பந்தயத் திடல் வந்தது. 1926இல் நகர எல்லைக்கு அப்பால் அங்கொடையில் புதிய மருத்துவமனை திறந்தார்கள். அதற்குப் பிறகு "அங்கொடை" என்பது ஊர்ப் பெயராக இல்லாமல் ஏச்சாகப் போய்விட்டது. "உன்னை அங்கொடைக்குத்தான் அனுப்ப வேணும்" என்று நாங்களும் பள்ளிக்கூடத்தில் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்போம். சிங்களப் பிள்ளைகளும் அதையேதான் சொன்னார்கள். இந்த நாட்டில் இரண்டு மொழிக்காரரும் சண்டை பிடிக்காமல் பகிர்ந்துகொண்ட சொற்களில் இதுவும் ஒன்று.

கட்டடம் இப்படி மூன்று தடவை மாறியது. சட்டம் மாறின கதைதான் எங்களுக்குப் பெரிய அதிர்ச்சி.

இன்றைக்கும் இலங்கையில் ஓர் ஆளை அவருடைய விருப்பமில்லாமல் மனநல மருத்துவமனையில் வைத்திருக்க ஆதாரமாக இருப்பது 1873ஆம் ஆண்டின் முதலாம் இலக்கச் சட்டம். ஜாவத்தைக் கட்டடத்தை விடப் பழையது. அதன் பெயரிலேயே 'பைத்தியம்' என்ற சொல்தான் இருந்தது. மாவட்ட நீதிமன்றம் விசாரிக்கும், வைத்தியர் சாட்சி சொல்லுவார், நீதிபதி உத்தரவு போடுவார். குற்றம் செய்யாத ஆளுக்கு ஒரு வழக்கு. 1956இல் அதைத் திருத்தினார்கள். பெயர் மாறியது, தானே விரும்பி வந்து சேரலாம் என்ற வழியும் தற்காலிகமாகவும் அவசரமாகவும் சேர்க்கிற வழிகளும் வந்தன. நல்ல விஷயங்கள்தான். ஆனால் சட்டத்தின் நடு எலும்பு அதேதான். ஆளை எப்படி உள்ளே கொண்டுபோவது என்று விரிவாகச் சொல்லும், வெளியே ஊரிலேயே வைத்து எப்படிப் பார்ப்பது என்பதற்கு அதில் இடமில்லை. (அதே 1956இல்தான் சிங்களம் மட்டும் சட்டமும் வந்தது. இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறது என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் ஒரு தமிழ் நோயாளியின் வாழ்க்கையில் இரண்டும் ஒரே மேசையில்தான் சந்திக்கின்றன. அதைப் பிறகு சொல்லுகிறோம்.)

ஊரிலேயே வைத்துப் பார்க்கலாம் என்பது புது யோசனை என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க. 1937இல் லண்டன் மோட்ஸ்லி மருத்துவமனையின் பெரிய வைத்தியர் எட்வர்ட் மாப்பதர் இங்கே வந்தார். அரசாங்கம்தான் கூப்பிட்டது. அங்கொடை திறந்து பதினொரு வருடம்தான், அதற்குள்ளேயே நிரம்பி வழிந்தது. எல்லாரையும் ஒரே இடத்தில் குவிக்காமல், பொது மருத்துவமனையில் வெளிநோயாளர் கிளினிக் தொடங்கச் சொன்னார். 1939இல் கொழும்பு பெரியாஸ்பத்திரியில் அப்படி ஒன்று தொடங்கியது. அதாவது, காய்ச்சலுக்குப் போகிற வாசலாலேயே மனக்கஷ்டத்துக்கும் போகலாம் என்ற எண்ணம் இந்த ஊருக்கு வந்து எண்பது வருடத்துக்கு மேலாகிறது. ஆனாலும் அங்கொடை சுருங்கவில்லை. 1950களின் கடைசியில் பக்கத்து முல்லேரியாவில் இன்னொரு மருத்துவமனையும் வந்தது. நோய் குறைந்த பிறகும் கூட்டிக்கொண்டு போக வீட்டுக்காரர் வராததால் அங்கேயே கிழவிகளான பெண்கள் பலர்.

சட்டத்தைத் தொட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இந்த நாட்டிலேயே ஒரு பாடம் இருக்கிறது. 1998 வரை தற்கொலை முயற்சி இலங்கையில் குற்றம். உயிர் தப்பின ஆளின் கட்டிலுக்குப் பக்கத்தில் பொலிஸ் வந்து நிற்கலாம். அதனால் வீட்டுக்காரர் "விபத்து" என்று சொல்லி மூடுவார்கள், உண்மையைச் சொன்னால்தானே உதவி கிடைக்கும்? ஜோன் டி மெல் 1974இல் சுமித்ரயோவைத் தொடங்கி, கஷ்டத்தில் இருக்கிற ஆளோடு தீர்ப்புச் சொல்லாமல் இருந்து கேட்கிற வேலையைச் செய்த முதல் இருபத்துநான்கு வருடமும் சட்டம் அப்படித்தான் இருந்தது. 1998இல் அந்தப் பிரிவை எடுத்துவிட்டார்கள்.

1995 அளவில் இலங்கையின் தற்கொலை வீதம் ஒரு லட்சம் பேருக்கு ஏறக்குறைய 47. உலகத்திலேயே மிக உயர்ந்தவற்றில் ஒன்று. பத்து வருடத்தில் அது பாதியாகக் குறைந்தது. யுத்தமும் வறுமையும் முடிந்திருக்கவில்லை. மிகக் கொடிய விவசாய நஞ்சுகளின் இறக்குமதியை அரசாங்கம் படிப்படியாகத் தடை செய்ததே பெரிய காரணம் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அந்தக் கண நேரத்தைக் கடந்து வந்தவர்களில் பெரும்பாலானோர் வாழ்கிறார்கள். வர்த்தமானியில் வந்த சில வரிகள் ஆயிரக்கணக்கான ஆட்களைக் காப்பாற்றின. "மனசு சம்பந்தப்பட்டதுக்குச் சட்டம் என்ன செய்யும்?" என்று கேட்கிற மாமாமாருக்கு இதைச் சொல்லுங்கோ.

வடக்கு கிழக்கில் இன்னொரு கதை நடந்துகொண்டிருந்தது. யாழ்ப்பாணத்தில் 1987இல் சாந்திகம் தொடங்கியது. யுத்தத்துக்கு நடுவில், விரல் விட்டு எண்ணக்கூடிய மனநல வைத்தியர்கள்தான் இருந்தார்கள். பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள் ஆஸ்பத்திரிக்குள் இருந்துகொண்டு நோயாளி வருவார் என்று காத்திருக்கவில்லை. ஆசிரியர்களுக்கும் கிராமத்துச் சுகாதார ஊழியர்களுக்கும் பயிற்சி கொடுத்தார்கள். அதற்குத் தமிழ் வேணுமே? 'மனவடு' என்ற கைந்நூலும், பிறகு வைத்தியர் சிவயோகனோடு சேர்ந்து எழுதிய 'தமிழ் சமுதாயத்தில் உளநலம்' என்ற நூலும் அப்படி வந்தவை. நாங்கள் இன்று சாதாரணமாகச் சொல்லுகிற உளநலம், உளவளத்துணை, சீர்மியம் என்ற சொற்களெல்லாம் அந்த மாதிரி வேலைகளுக்குள்ளால் ஊருக்குள் வந்தவைதான். பெருமூச்சும் நெஞ்செரிவும் எங்கள் ஆட்கள் துக்கத்தைச் சொல்லுகிற முறை என்று எழுதி வைத்தவர்களும் அவர்களே. கிழக்கில் 2000க்குப் பிறகு மட்டக்களப்பில் வைத்தியர் மகேசன் கணேசன் இதே பாதையில் ஊர்களுக்குள் சேவையைக் கொண்டுபோனார்.

2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகுதான் கொழும்பு விழித்தது. 2005இல் அமைச்சரவை ஏற்றுக்கொண்ட தேசிய உளநலக் கொள்கை, சிகிச்சை அங்கொடையில் குவியாமல் மாவட்டங்களுக்குப் போக வேண்டும் என்றது. வடகிழக்கில் இல்லாமையால் செய்த வேலை, நாட்டுக்கே கொள்கையாகப் போனது போல எங்களுக்குத் தெரிகிறது. 2008இல் அங்கொடை தேசிய உளநல நிறுவகம் ஆனது. இரவில் கூப்பிட அதன் இலக்கம் 1926. மருத்துவமனை திறந்த வருடமும் அதுதான். (அதைவிட 1333 என்ற இலக்கமும் இருக்கிறது. இரண்டையும் ஃபோனில் போட்டு வையுங்கோ.)

கொள்கை வந்தது, சட்டம் வரவில்லை. 2007இல் புதிய சட்டத்துக்கு ஒரு வரைவு தயாரானது, வரைவாகவே நின்றது. 2016இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐநா உடன்படிக்கையை இலங்கை ஏற்றுக்கொண்டது. அதன்படி பார்த்தால் 1873இன் சட்டம் நிற்கவே முடியாது. ஆனால் நிற்கிறது. தமிழ்நாட்டில் ஏர்வாடியில் 2001 ஓகஸ்ட் 6ஆம் திகதி தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டியிருந்த 28 பேர் ஓட முடியாமல் இறந்தார்கள். அதற்குப் பிறகும் பதினாறு வருடம் எடுத்துத்தான் 2017இல் இந்தியா புதிய சட்டம் கொண்டுவந்தது. அதில் சிகிச்சை பெறுவது உரிமை, சங்கிலி போடுவது தடை, 'எனக்கு முடியாமல் போனால் என்னை இப்படிப் பாருங்கள், எனக்காக இவர் பேசுவார்' என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம். அங்கே அது எவ்வளவு நடக்கிறது என்பது வேறு கதை. எழுத்திலாவது இருக்கிறதே. எங்களுக்கும் ஒரு தீ வேணுமா?

இனி அந்த மேசைக்கு வருவோம்.

அம்மப்பா செத்த பிறகு அம்மம்மா நித்திரை கொள்ளுவதில்லை. சாப்பாடும் இல்லை. நாள் முழுக்கப் பெருமூச்சு. கொழும்பில் ஒரு கிளினிக்குக்குப் பேத்திதான் கூட்டிக்கொண்டு போகிறாள். டொக்டர் சின்ன ஆள், பொறுமையான ஆள், ஆனால் தமிழ் தெரியாது. அம்மம்மாவின் சிங்களம் மரக்கறிக் கடையோடு முடிந்துவிடும். அதனால் நடுவில் பேத்தி. முதல் கேள்விகள் எல்லாம் சரியாகப் போனது. பிறகு டொக்டர் மெதுவாகக் கேட்டார்: "ஜீவிதே எபா வெலாத?" வாழ்க்கை வெறுத்துப்போச்சா என்று. பத்தொன்பது வயதுப் பிள்ளை தன்னை வளர்த்த மனுஷியிடம் அதை எப்படிக் கேட்கும்? அவள் கேட்டது, "அம்மம்மா, நீங்க சந்தோஷமா இருக்கிறீங்களா?" அம்மம்மா அவளுடைய முகத்தைப் பார்த்து, "ஓம் ராசாத்தி" என்றா. பேத்தி டொக்டரைப் பார்த்து "இல்லையாம்" என்றாள். கிளினிக் கொப்பியில் அது எழுதப்பட்டது.

எங்களிடம் இதைச் சொல்லி அவள் அழுதாள். அவளில் பிழை இல்லை, டொக்டரிலும் பிழை இல்லை. அந்த அறையில் இன்னொரு கதிரை இருந்திருக்க வேண்டும், அதில் தமிழ் தெரிந்த ஓர் உளவளத்துணையாளர் இருந்திருக்க வேண்டும். தமிழும் அரசகரும மொழி என்று 1987இலிருந்து அரசியலமைப்பில் இருக்கிறது. புதிய உளநலச் சட்டத்தைப் பற்றிக் கதைக்கிற கூட்டங்களில் உரிமை, நிதி, ஆளணி எல்லாம் கதைக்கிறார்கள், கதைக்கத்தான் வேணும். அதில் மொழியையும் ஒரு பிரிவாக எழுதச் சொல்லி நாங்கள் கேட்க வேணும். வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் இருக்கிற நகரத்தில், நோயாளியின் சொந்தப் பிள்ளையையோ பேத்தியையோ மொழிபெயர்ப்பாளராகப் பாவிப்பதைச் சட்டமே தடுக்க வேணும்.

அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு எழுதுவோம் என்று நாங்கள் நாலு பேர் இருந்து ஒரு கடிதம் தயாரித்தோம். அம்மம்மாவுக்கு வாசித்துக் காட்டினோம். "வேண்டாம், அந்தப் பெடியனுக்கு வேலை போயிடும்" என்றா. கடிதத்தில் டொக்டரைப் பற்றி ஒரு வரியும் இல்லை, ஒரு கதிரையைத்தான் கேட்கிறோம் என்று விளக்கினோம். கனநேரம் யோசித்தா.

"அப்ப அந்தக் கதிரையில வாறது பொம்பிளையா இருக்க வேணும் எண்டும் எழுதுங்கோ. எனக்குக் கொஞ்சம் கதைக்க இருக்கு."