அர்வாரி ஆற்றை மீட்ட கிராமங்கள்



மழைக்குப் பஞ்சமில்லாத நாட்டில் வாழ்கிறோம். ஆனாலும் தோட்டத்து லயத்தில் இருந்தவர்களுக்கு அந்தப் பொதுக் குழாயும் வாளி வரிசையும் மறக்காது. முன்னால் நிற்பவர் அண்டா அண்டாவாகப் பிடித்தால் பின்னால் நிற்பவருக்குச் சொட்டுதான். கிணற்று நீரும் அப்படித்தானுங்க. வேலியெல்லாம் நிலத்துக்கு மேலேதான். அடியில் ஊறும் நீருக்கு ஏது வேலி?

இந்தியாவில், ராஜஸ்தான் மாநிலத்து ஆல்வார் மாவட்டத்தில் மழை ஆண்டுக்கு இரண்டு மூன்று மாதம்தான். அதைப் பிடித்துவைக்க முன்னோர் சரிவு நிலத்தில் பிறை வடிவில் மண் கரை போட்டார்கள். 'ஜோஹட்' என்பது அதன் பெயர். அங்கே தேங்கும் நீர் மெல்ல மண்ணுக்குள் இறங்கிச் சுற்றுப்புறக் கிணறுகளில் ஊறும். நாளடைவில் மலைக்காடு அழிந்தது, கரைகள் தூர்ந்தன, கிணறுகள் வற்றின. ஆண்கள் பிழைப்புத் தேடி நகரத்துக்குப் போனார்கள். கப்பலேறி வந்த நம் பாட்டன்மார் பலருக்கு இது தெரிந்த கதைதான்.

1985-இல் ராஜேந்திர சிங் என்ற இளைஞர், தருண் பாரத் சங்கத்து நண்பர்களோடு அங்கு வந்தார். வைத்தியமும் கல்வியும் தரத்தான் வந்தார். ஊர்ப் பெரியவரோ முதலில் தண்ணீருக்கு வழி செய்யச் சொல்லிவிட்டார்! கோபால்புரா கிராமத்தில் மண்வெட்டி எடுத்தார்கள். நாம் சொல்லும் கோத்தோங் ரோயோங்தான். கிணற்றில் நீர் ஏறியதைக் கண்டு மற்ற ஊர்களும் இறங்கின. மழை நின்றதும் காய்ந்துபோகும் அர்வாரி ஆறு, 1990-களின் நடுவில் ஆண்டு முழுதும் ஓடியது.

சிக்கலும் கூடவே வந்தது. ஆற்றில் மீன் பெருகியதும், 1996-இல் மாநில அரசு மீன்பிடிக் குத்தகையை வெளியாளுக்குக் கொடுத்தது. காய்ந்து கிடந்தபோது எட்டிப் பார்க்காதவர்களுக்கு இப்போது மீன் மட்டும் வேண்டுமா? ஊரார் கூடி எதிர்த்தார்கள். குத்தகை ரத்தானது.

வெளியாளைத் தடுத்தாயிற்று. பக்கத்து வயல்காரர் ஆழமாகத் துளைபோட்டு எல்லார் நீரையும் உறிஞ்சினால்? அதற்காக 1999-இல் சுமார் 70 கிராமங்கள் 'அர்வாரி நாடாளுமன்றம்' கண்டன. கரும்பு, நெல் போன்ற நீர் குடிக்கும் பயிர் வேண்டாம், ஆழ்துளைக் கிணறு வேண்டாம், பச்சை மரம் வெட்ட வேண்டாம் என்று கட்டுப்பாடு வைத்தார்கள். இந்த நாடாளுமன்றத்துக்குச் சட்ட பலம் கிடையாது, போலீசும் கிடையாது. ஊர்ப் பேச்சுதான் காவல். கரும்பில் காசு வரும் என்று தெரிந்தே விட்டுக்கொடுப்பது, கரை போடுவதைவிடக் கடினம் என்பேன்.

2000-ஆம் ஆண்டு மார்ச்சில் குடியரசுத் தலைவர் கே. ஆர். நாராயணன் ஆற்றங்கரைக்கே நேரில் வந்து, பாவந்தா-கோல்யாலா கிராமத்தாருக்கு விருது வழங்கினார்.