பட்டியலில் ஏறிய ஆட்டம்

நம் கல்விச் சங்கம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், இளைஞர்தம் சிந்தனைக்கு ஒரு விளையாட்டின் வரலாற்றை முன்வைக்க விழைகின்றோம். விளையாட்டில் வரலாறு என்ன இருக்கிறது என்று சிலர் வினவலாம். தெருவில் நிற்கும் திறமை பள்ளிப் பதிவேட்டில் இடம்பெற எத்தனை காலம் காத்திருக்க வேண்டியுள்ளது என்பதை இவ்வரலாறு காட்டுகின்றது. ஆதலின் இது நமக்கும் உரியதே.

அமெரிக்காவின் நியூயார்க் நகரத்திற்குக் கிரிக்கெட் புதியதன்று. இரு நாடுகளுக்கிடையே நிகழ்ந்த முதல் கிரிக்கெட் போட்டி, 1844 ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் அந்நகரில்தான் நடைபெற்றது. அமெரிக்க அணியைக் கனடா அணி 23 ஓட்டங்களில் வென்றது. ஆயினும் 1861 முதல் 1865 வரை நிகழ்ந்த உள்நாட்டுப் போரை ஒட்டிப் பேஸ்பால் ஆட்டமே நாடெங்கும் பரவிற்று. அதற்குச் செப்பனிட்ட ஆடுகளம் வேண்டுவதில்லை. ஆட்டமும் விரைவில் முடிந்துவிடும். கிரிக்கெட்டோ பிலடெல்பியா போன்ற ஊர்களில் செல்வர்தம் கழகங்களில் ஒதுங்கி, முதல் உலகப் போருக்குப் பின் அங்கும் மங்கிற்று.

1903 இல் நியூயார்க் அரசுப் பள்ளிகளுக்கென ஒரு விளையாட்டுக் கழகம் தோன்றியது. பள்ளிகளுக்கிடையே எவ்வெவ் ஆட்டங்களில் போட்டி நடத்துவது என்பதை வகுத்து வருவது அக்கழகமே. இருபத்தோராம் நூற்றாண்டு பிறந்தபோதும் அதன் பட்டியலில் கிரிக்கெட் இல்லை.

ஆனால் ஆடும் பிள்ளைகள் வந்துவிட்டிருந்தனர். 1965 இல் அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் திருத்தப்பட்ட பின், கயானா, டிரினிடாட், ஜமைக்கா, இந்தியா, பாகிஸ்தான், வங்காளதேசம் முதலிய நாடுகளின் குடும்பங்கள் நியூயார்க்கில் பெருகின. குவீன்ஸ் பகுதியிலுள்ள ரிச்மண்ட் ஹில், கயானா மக்கள் நிறைந்த பேட்டை ஆயிற்று.

ஈண்டு நம்மோடு தொடர்புடைய ஒரு செய்தி உண்டு. 1838 முதல் 1917 வரை ஏறத்தாழ 2,39,000 இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாகப் பிரிட்டிஷ் கயானாவின் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். பெரும்பாலோர் கல்கத்தாவிலிருந்தும், ஒரு பகுதியினர் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கப்பல் ஏறினர். சென்னையிலிருந்து சென்றோருள் ஒடுக்கப்பட்ட குடிகளைச் சேர்ந்தோர் பலர். துரைமாரின் ஆட்டம் அத்தோட்டங்களில் கூலிகளின் பிள்ளைகளுக்கும் உரியதாயிற்று. போர்ட் மோரண்ட் கரும்புத் தோட்டத்தில் வளர்ந்த ரோகன் கன்ஹாய், பின்னாளில் மேற்கிந்திய அணிக்கே தலைமை தாங்கினார். அத்தகைய கூலிக் குடும்பங்களின் வழித்தோன்றல்களே ரிச்மண்ட் ஹில்லில் குடியேறினர். அவர்தம் பிள்ளைகள் விடுமுறை நாளில் பூங்காவில் ஆடினர். பள்ளியிலோ அவ்வாட்டத்திற்குக் கணக்கில்லை.

2008 ஆம் ஆண்டு இளவேனிற் பருவத்தில் அந்நிலை மாறிற்று. அக்கழகம் கிரிக்கெட்டை அதிகாரபூர்வமான பள்ளி விளையாட்டாக ஏற்றது. முதலாண்டில் 14 பள்ளிகள் களம் இறங்கின. பள்ளி முடிந்த மாலையில் ஆட ஏற்றவாறு, ஓர் அணிக்கு 20 ஓவர் என வகுக்கப்பட்டது. பின்னர்ப் பள்ளிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ இரு மடங்காகப் பெருகிற்று.

ஏற்பு என்பது வெறும் பெயரளவில் நிற்பதன்று. ஆட்டம் பட்டியலில் ஏறியதும் பயிற்சியாளர் வந்தார்; நடுவர் வந்தார்; போட்டி அட்டவணையும் வெற்றிக் கோப்பையும் வந்தன. எல்லாவற்றினும் மேலாக ஒரு நிபந்தனையும் வந்தது. வருகைப் பதிவும் பாடத் தேர்ச்சியும் குறைந்தால் அணியில் இடமில்லை என்பதே அது. ஆட்டத்தின்மேல் கொண்ட ஆசை, மாணவனைப் பள்ளியோடு பிணைக்கும் கயிறாயிற்று.

இதனைப் படிக்குந்தோறும் நம் நெஞ்சு உறுத்துகின்றது. பல ஆண்டுகளுக்கு முன், நாம் பணியாற்றிய பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் இருந்தான். வற்றிய ஏரியில் தென்னை மட்டையைச் செதுக்கி ஆடுவான். அவன் வீசும் பந்தை எதிர்கொள்ள மேல்வகுப்பு மாணவரும் அஞ்சுவர். வட்டாரப் போட்டிக்கு அணி அனுப்புமாறு ஒருநாள் நம்மிடம் வந்து வேண்டினான். "முதலில் படிப்பைப் பார்" என்று கூறி அனுப்பிவிட்டோம். அடுத்த ஆண்டு அவன் பள்ளிக்கு வரவில்லை; செங்கற்சூளைக்குப் போய்விட்டான். அணி அனுப்பியிருந்தால் நின்றிருப்பானோ, அறியோம். அவனைப் பள்ளியில் நிறுத்தக்கூடிய ஒரு கயிறு நம் கையில் இருந்தும் நாம் அதனை நீட்டவில்லை என்பது மட்டும் உண்மை.

இளைஞர்களே! திறமை நம் தெருக்களில் என்றும் குறைந்ததில்லை. அதனை எழுதி வைக்கும் ஏடுதான் குறைவு. உங்கள் ஊர்ப் பள்ளியில் எவ்வெவ் விளையாட்டுகள் ஏற்கப்பட்டுள்ளன, எந்தப் பிள்ளையின் பெயர் விடுபட்டுள்ளது என்று கேட்டறியுங்கள். விடுபட்டிருப்பின் மனு எழுதுங்கள், தலைமையாசிரியரை அணுகுங்கள். அவர் "படிப்பைப் பார்" என்று சொன்னால், அதற்காகவே வந்தோம் என்று பணிவோடு சொல்லுங்கள்.