மண்ணுக்கடியில் எத்தனை பீப்பாய்?



"நம் நாட்டில் எண்ணெய் இன்னும் பதினைந்து ஆண்டுக்குத்தான் வருமாம்" என்று ஒருவர் சொல்ல, "போன தடவையும் இப்படித்தானே சொன்னார்கள்? பதினைந்து ஆண்டு கழிந்தும் எண்ணெய் வந்துகொண்டுதானே இருக்கிறது!" என்று மற்றொருவர் மடக்குவதை நாம் காப்பிக்கடையில் கேட்டிருப்போம். வேடிக்கை என்னவென்றால் இருவர் பேச்சிலும் பிழையில்லை. யாரும் கண்ணால் காணாத ஒரு பொருளை, கடலுக்கும் பாறைக்கும் அடியில் கிடப்பதை, எப்படி அளக்கிறார்கள்? அந்தக் கணக்கு எப்படி உருவாயிற்று? இதைத்தான் இன்று காண இருக்கிறோம்.

தோட்டத்தில் வாழும் நமக்கு இப்படிப்பட்ட கணக்கு புதிதன்று. செம்பனைத் தோட்டத்தில் சில மரங்களைத் தேர்ந்தெடுத்து, அவற்றில் இன்னும் பழுக்காத கறுப்புக் குலைகளை எண்ணுகிறார்கள். வரும் மாதங்களில் தோட்டம் முழுவதும் எத்தனை டன் கிடைக்கும் என்பதை அதிலிருந்து மதிப்பிடுகிறார்கள். இரப்பர்த் தோட்டத்திலும் அப்படித்தான். வாளி நிறையப் பால் கொண்டுவந்தால் வாளி எடைக்குக் காசு கிடைப்பதில்லை. மெட்ரோலாக் என்னும் கருவியைப் பாலில் மிதக்கவிட்டு, அதில் காய்ந்த இரப்பர் எவ்வளவு என்று பார்த்துத்தான் கணக்கெழுதுகிறார்கள். பால் வேறு, இரப்பர் வேறு. அதுபோலவே மண்ணுக்கடியில் கிடக்கும் எண்ணெய் வேறு, நம் கைக்கு வரும் எண்ணெய் வேறு. இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றவை எளிது.

சரவாக்கின் மிரி நகருக்குப் போவோம். அங்குள்ள மக்கள் கையால் கிணறு தோண்டி எண்ணெய் எடுத்து, விளக்கெரிக்கவும் படகுகளுக்குப் பூசவும் பயன்படுத்தி வந்தனர். 1882-ஆம் ஆண்டிலேயே ஓர் ஆங்கில அதிகாரி அத்தகைய 18 கிணறுகளைக் குறித்து வைத்தார். பின்னர் ஷெல் நிறுவனம் வந்தது. 1910-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் கனடா குன்றில் துளையிடத் தொடங்கி, டிசம்பர் 22-ஆம் நாள் எண்ணெயைக் கண்டார்கள். அந்த முதல் கிணறு நாளொன்றுக்கு 83 பீப்பாய் கொடுத்தது. ஒரு பீப்பாய் என்பது சுமார் 159 லிட்டர்.

இங்கே ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அந்தக் கிணறு 1972-ஆம் ஆண்டு அக்டோபர் வரை, ஏறத்தாழ 62 ஆண்டுகள் உழைத்தது. நாளுக்கு 83 பீப்பாய் வீதம் 62 ஆண்டுக்கு என்று பெருக்கினால் 18 இலட்சத்துக்கும் மேலே வருகிறது. உண்மையில் கிடைத்ததோ சுமார் ஆறரை இலட்சம் பீப்பாய்தான். முதல் நாள் ஊற்றைப் பார்த்து வாழ்நாள் கணக்கை எழுதியிருந்தால், அதில் மூன்றில் இரண்டு பங்கு இல்லாத எண்ணெயாகவே இருந்திருக்கும். கிணறு வயதாக ஆகச் சுரப்பு குறையும். அந்தக் குறைவு எந்த வளைவில் போகும் என்பதை 1945-இல் ஆர்ப்ஸ் என்னும் பொறியாளர் ஒழுங்குபடுத்திக் காட்டினார். இன்றும் பழைய கிணறுகளின் மிச்ச ஆயுளை அவர் காட்டிய வழியில்தான் கணிக்கிறார்கள்.

ஆனால் கிணறு புதிதாக இருந்தால்? அப்போது பாறையைத்தான் கேட்க வேண்டும்.

எண்ணெய் நிலத்தடியில் ஏரிபோலத் தேங்கி நிற்கிறது என்று பலரும் எண்ணுகிறார்கள். அப்படியன்று. மணற்பாறையின் நுண்ணிய துளைகளில், ஈரமணலில் நீர் இருப்பதுபோல, அது ஒளிந்திருக்கிறது. பாறையின் பரப்பையும் கனத்தையும் முதலில் அளக்கிறார்கள். நூறு காலன் அளவுள்ள பாறையை எடுத்துக்கொள்வோம். அதில் துளைகளின் பங்கு இருபது காலன் என்போம். அந்த இருபதில் ஐந்து காலன் உப்புநீராக இருக்கும், மிச்சம் பதினைந்து. ஆழத்தில் அழுத்தத்தினால் எண்ணெய்க்குள் வாயு கரைந்து கிடக்கிறது. மேலே வரும்போது சோடாப் போத்தலைத் திறந்ததுபோல் வாயு பிரிந்துபோக, எண்ணெய் சுருங்கிப் பன்னிரண்டு காலன் ஆகிறது. அந்தப் பன்னிரண்டும் வந்துவிடுமா? வராது. பாறை பிடித்துக்கொண்டது போக, மூன்றில் ஒரு பங்கு கிடைத்தால் நான்கு காலன். நூறில் நான்கு! இந்தக் கணக்கில் எந்த ஓர் எண் சற்றுப் பிசகினாலும் முடிவு வெகுதூரம் போய்விடும்.

துளைகளில் எண்ணெயா நீரா என்பதை மேலே இருந்துகொண்டே அறியும் வழியைப் பிரான்சு நாட்டு ஷ்லும்பெர்ஜே சகோதரர்கள் கண்டனர். 1927-இல் பெச்செல்புரோன் என்னும் இடத்தில் கிணற்றுக்குள் கம்பியை இறக்கி மின்சாரம் பாய்ச்சினார்கள். உப்புநீர் மின்சாரத்தை விடும், எண்ணெய் விடாது. எவ்வளவு எளிய கருத்து பாருங்கள்! இன்றும் இதன் பேரப்பிள்ளைகளான கருவிகள்தாம் நம் கடல் வயல்களில் இறங்குகின்றன.

இத்தகைய கருவிகள் வருமுன் எழுதிய கணக்குகள் என்ன ஆயின? 1922-இல் அமெரிக்க நிலவியலாளர்கள் தங்கள் நாட்டில் இன்னும் சுமார் 900 கோடி பீப்பாய்தான் எடுக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். எட்டு ஆண்டு கழித்து, 1930-இல், கிழக்கு டெக்சாசில் ஒரு வயல் கண்டுபிடிக்கப்பட்டது. அந்த ஒரு வயலே பின்னாளில் 500 கோடி பீப்பாய்க்கு மேல் கொடுத்தது. நிலவியலாளர்கள் பொய் சொல்லவில்லை. தெரிந்ததைச் சொன்னார்கள், தெரியாததைச் சேர்க்கவில்லை.

தெரிந்ததையும் தெரியாததையும் ஒரே குவியலில் போடக்கூடாது என்ற எண்ணத்திலிருந்துதான் வகைப்பாடு பிறந்தது. பல காலம் ஆளுக்கொரு அளவுகோல் வைத்திருந்தார்கள். பெட்ரோலியப் பொறியாளர் சங்கம் மற்ற அமைப்புகளோடு சேர்ந்து 2007-இல் ஒரு பொது முறையை வெளியிட்டது. 2018-இல் அது திருத்தப்பட்டது. அதன் சாரம் இதுதான். பத்துக்கு ஒன்பது வாய்ப்பு உண்டு, இதற்குக் குறையாது என்று சொல்லத்தக்க அளவு, உறுதிப்பட்ட இருப்பு. கூடினாலும் கூடலாம், குறைந்தாலும் குறையலாம், சரிபாதி வாய்ப்பு என்னும் அளவுவரை போனால், அதிகப்படியாகச் சேர்வது பெரும்பாலும் கிடைக்கக்கூடிய இருப்பு. பத்துக்கு ஒன்றுதான் வாய்ப்பு என்னும் அளவுவரை நீட்டினால், அந்த நீட்சி கிடைத்தாலும் கிடைக்கலாம் என்னும் வகை. இம்மூன்றுமே கண்டுபிடித்து, எடுக்கத் திட்டமிட்டு, இலாபத்தோடு விற்க முடிந்த எண்ணெய்க்குத்தான் பொருந்தும். கண்டுபிடித்தும் எடுக்க இன்னும் வழியமையாதது வேறு குவியல். கண்டே பிடிக்காமல், இருக்கலாம் என்று மட்டும் நம்புவது இன்னொரு குவியல்.

வாயுவுக்கு இது இன்னும் கண்டிப்பாகப் பொருந்தும். எண்ணெயைக் கப்பலில் ஏற்றி எங்கும் விற்கலாம். வாயுவுக்கோ குழாய் வேண்டும், அல்லது குளிரவைத்துத் திரவமாக்கும் ஆலை வேண்டும். சரவாக் கடலில் வாயு இருப்பது தெரிந்திருந்தும், பிந்துலுவில் ஆலை கட்டி, ஜப்பானிய நிறுவனங்களோடு 20 ஆண்டு ஒப்பந்தம் செய்து, 1983 ஜனவரியில்தான் முதல் கப்பல் புறப்பட்டது. இருபது ஆண்டுக்கு வாயு உண்டு என்று உறுதி சொல்ல முடியாதிருந்தால், வாங்குபவரும் வந்திருக்கமாட்டார், ஆலையும் எழுந்திருக்காது.

வகை மாற்றி எழுதினால் என்ன ஆகும்? 2004-ஆம் ஆண்டு ஜனவரி 9-ஆம் நாள் ஷெல் நிறுவனம், தான் உறுதிப்பட்ட இருப்பு என்று காட்டியிருந்ததில் சுமார் 390 கோடி பீப்பாயை, அதாவது ஐந்தில் ஒரு பங்கை, அந்த வகையிலிருந்து நீக்குவதாக அறிவித்தது. ஆஸ்திரேலியாவின் கோர்கன் வயலின் வாயுவும் அதில் அடங்கும். அந்த வாயு அங்கே உண்மையாகவே இருந்தது; 2016-இல் அது வெளியேவும் வந்தது. ஆனால் 1990-களில் அதை உறுதிப்பட்டதாக எழுதியபோது, எடுப்பதற்கான முடிவே ஆகவில்லை. பங்குவிலை விழுந்தது. அந்த ஆண்டு மார்ச் மாதமே தலைவர் பிலிப் வாட்ஸ் பதவி விலகினார். பிரிட்டனும் அமெரிக்காவும் பெருந்தொகை அபராதம் விதித்தன. பாறையில் ஒரு சொட்டும் குறையவில்லை. ஏட்டில் ஒரு பத்தி மாறியது, அவ்வளவே.

நிறுவனத்தைத் தட்டிக்கேட்கச் சட்டம் உண்டு. நாடுகளை யார் கேட்பது? 1980-களில் ஒப்பெக் நாடுகள் உற்பத்திப் பங்கீடு பற்றி வாதாடிக்கொண்டிருந்த காலத்தில், குவைத்து தன் இருப்பைச் சுமார் 6,700 கோடி பீப்பாயிலிருந்து 9,000 கோடிக்கு மேல் உயர்த்திக் காட்டியது. மற்றச் சில நாடுகளும் அடுத்தடுத்து அவ்வாறே செய்தன. அதற்கு ஈடான புதிய வயல் எதுவும் அப்போது கண்டுபிடிக்கப்படவில்லை. நாம் இதைச் சற்று ஐயத்தோடு பார்ப்பதில் தவறில்லை.

நம் நாட்டுக் கணக்குக்கு வருவோம். 1974-ஆம் ஆண்டுப் பெட்ரோலிய மேம்பாட்டுச் சட்டத்தால் எண்ணெய் வளம் முழுவதும் அவ்வாண்டில் அமைந்த பெட்ரோனாசின் உடைமையாயிற்று. 1980-இல் அரசாங்கம் ஒரு கொள்கை வகுத்தது. மண்ணடியில் 40 கோடி பீப்பாயும் அதற்கு மேலும் உள்ள பெரிய வயல்களில், தொடக்கத்தில் இருந்த எண்ணெயில் ஆண்டுக்கு 1.75 விழுக்காட்டுக்கு மேல் எடுக்கலாகாது என்பது அது. 1985-இல் வரம்பு 3 விழுக்காடாயிற்று. மதிப்பீட்டின் அருமை இங்கேதான் விளங்கும். மண்ணடியில் எவ்வளவு என்ற எண்ணைக் கூட்டி எழுதினால், எடுக்கும் உரிமையும் கூடும். பள்ளிக்கூடம், சாலை, பெட்ரோல் மானியம் ஆகியவற்றுக்கு எண்ணெய்ப் பணமும் போகிற நாட்டில், அந்த எண் நம் வீட்டுச் செலவையும் தொடுகிறது.

காப்பிக்கடைப் பேச்சுக்கும் விடை இதில் உண்டு. இருப்பை இவ்வாண்டு உற்பத்தியால் வகுத்தால் "பதினைந்து ஆண்டு" வருகிறது. அரிசி மூட்டையில் இத்தனை படி, நாளுக்கு ஒரு படி என்று வகுப்பதுபோலத்தான். ஆனால் மூட்டை அளவு ஆண்டுதோறும் திருத்தப்படுகிறது. 2014-ஆம் ஆண்டு வாக்கில் நம் எரிசக்தி ஆணையத்தின் புள்ளிவிவர நூல் நாட்டின் எண்ணெய் இருப்பை ஏறத்தாழ 580 கோடி பீப்பாய் என்றது. வெளிநாட்டு வெளியீடுகள் 400 கோடியை ஒட்டிச் சொல்லின. முதல் வகையை மட்டும் ஒருவர் கூட்ட, இரண்டாவதையும் சேர்த்து மற்றவர் கூட்டினால் இத்தகைய இடைவெளி தானே விழும். ஆகவே ஓர் எண்ணைக் கேட்டால், எந்தக் குவியலின் எண் என்று உடனே கேட்க வேண்டும்.

தெரெங்கானு கடலிலுள்ள தாப்பிஸ் வயலைப் பாருங்கள். 1978-இல் எண்ணெய் தரத் தொடங்கிய அது நாளடைவில் தளர்ந்தது. பாறை பிடித்துக்கொண்ட எண்ணெய் ஏராளமாய் உள்ளே கிடந்தும், எடுக்கும் வழி இல்லாததால் இருப்புக் கணக்கில் சேரவில்லை. நீரையும் வாயுவையும் மாற்றி மாற்றி உள்ளே செலுத்தி அதை வெளியே தள்ளும் திட்டம் 2014-இல் அங்கே தொடங்கிற்று. அதன் பிறகு, அதே பாறையில் அதே இடத்தில் கிடந்த எண்ணெயில் ஒரு பகுதி, இருப்பு என்ற பத்திக்கு மாற்றி எழுதப்பட்டது.