வாழ்நாள் துணை: பார்வையிழந்த போர்வீரருக்கான அறநிறுவனங்கள் குறித்த ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

போரில் உடலுறுப்பை இழந்தவருக்கு அரசு ஓய்வூதியம் தருகிறது. அது அவருக்கு உரிமையாக வரும் பணம். அதைக் கொடை என்று சொல்வது பிழை. அப்படியிருக்க, பொதுமக்களின் நன்கொடையில் இயங்கும் அறநிறுவனத்துக்கு இங்கே என்ன வேலை? செயின்ட் டன்ஸ்டன்ஸ் என்ற ஒரே நிறுவனத்தின் வரலாற்றைக் கொண்டு இக்கட்டுரை இக்கேள்வியை ஆராய்கிறது. காயத்துக்கு மருந்திடுவதோடு நிற்கும் உதவியைவிட, காயமுற்றவரின் ஆயுள் முழுதும் உடன்வரும் உதவியே பயன் தந்தது என்பதும், அப்பயன் படைவீரரோடு நின்றுவிடவில்லை என்பதும் என் துணிபு.

2. லண்டன், 1915

ஆர்தர் பியர்சன் லண்டனில் புகழ்பெற்ற பத்திரிகை அதிபர். கண் அழுத்த நோயால் பார்வையை இழந்தவர். முதல் உலகப் போரிலிருந்து கண்ணிழந்து திரும்பிய இளைஞர்களுக்காக 1915இல் அவர் தொடங்கிய இல்லம், அது இயங்கிய மாளிகையின் பெயராலேயே செயின்ட் டன்ஸ்டன்ஸ் எனப்பட்டது. புதிதாக வந்தவர்களுக்கு அவர் தந்த பரிசு ஒரு கடிகாரம். மூடியைத் திறந்து முள்ளைத் தடவி மணி அறியலாம். இப்போது மணி என்ன என்று இன்னொருவரைக் கேட்க வேண்டாத நிலையிலிருந்தே அங்கு பயிற்சி தொடங்கியது. இந்தச் சிறு பொருளுக்குள் அந்த நிறுவனத்தின் கொள்கை முழுவதும் இருப்பதாகவே நான் கருதுகிறேன்.

பின் பிரெயில் எழுத்து, தட்டச்சு, தொலைபேசி இணைப்பகப் பணி, உடல் பிடித்துவிடும் சிகிச்சை, கோழி வளர்ப்பு, தச்சு, கூடை முடைதல் ஆகியவற்றைக் கற்பித்தார்கள். தொழில் கற்றவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு மறந்துவிடவும் இல்லை. கூடை முடைபவருக்கு மூலப்பொருள் அனுப்பினார்கள். முடைந்ததை விற்றுக் கொடுத்தார்கள். 1921இல் பியர்சன் மறைந்தபின் தலைமையேற்ற இயன் ஃபிரேசர், 1916இல் சோம் போர்க்களத்தில் கண்ணிழந்து அங்கேயே பயிற்சி பெற்றவர். உதவி பெற்றவரே தலைவரானார். அரை நூற்றாண்டுக்கு மேல் அப்பொறுப்பில் இருந்தார். பிரிட்டனில் 1935இல் தொடங்கிய பேசும் புத்தகத் திட்டத்தில் இந்நிறுவனத்துக்கும் பங்குண்டு. படைவீரருக்காகத் தொடங்கிய முயற்சி பார்வையற்ற வாசகர் அனைவருக்கும் போய்ச் சேர்ந்தது.

3. டேராடூன், 1943

இரண்டாம் உலகப் போரில் இந்தியப் படையில் 25 லட்சம் பேர் சேர்ந்தனர். அவர்களில் கண்ணிழந்தோருக்காக 1943இல் டேராடூனில் செயின்ட் டன்ஸ்டன்ஸ் விடுதி ஒன்று எழுந்தது. அதை அமைத்த கிளத்தா மெக்கன்சி நியூசிலாந்துக்காரர். 1915இல் கலிப்போலிப் போர்முனையில் பார்வையை இழந்தபோது அவருக்கு வயது 20; பின் லண்டன் செயின்ட் டன்ஸ்டன்ஸில் பயிற்சி பெற்றவர். இங்கு வந்தவர்களில் பெரும்பாலோர் கிராமத்து உழவர் வீட்டுப் பிள்ளைகள். ஊருக்குத் திரும்பிக் கயிற்றுக் கட்டிலில் முடங்கி, அண்ணன் தம்பி போடும் சோற்றுக்குக் காத்திருப்பதுதான் இனி வாழ்க்கை என்று எண்ணியிருந்தவர்களுக்கு, தொழில் கற்கலாம் என்ற சொல்லே எவ்வளவு பெரிதாக இருந்திருக்கும்!

1950இல் இந்திய அரசு பொறுப்பேற்றபோது, அது பார்வையற்ற பெரியவர்களுக்கான பயிற்சி மையமாயிற்று. மறு ஆண்டே மத்திய பிரெயில் அச்சகமும் அங்கு அமைந்தது. பார்வைக் குறைபாடுடையோருக்கான இன்றைய தேசிய நிறுவனத்தின் வேர் அந்தப் போர்க்கால விடுதிதான்.

4. தமிழுக்கு வந்த பயன்

மெக்கன்சியின் பணி விடுதியோடு முடியவில்லை. இந்தியாவில் அப்போது பல பிரெயில் முறைகள் வழங்கின. ஒரு முறையில் படித்தவருக்கு மற்றொன்று புரியாது. யுனெஸ்கோவின் ஆலோசகராக அவர் இதைச் சீராக்க முயன்றார். 1951இல் பாரதி பிரெயில் உருவாயிற்று. ஓர் ஒலிக்கு எந்த இந்திய மொழியிலும் ஒரே புள்ளியமைப்பு என்பது அதன் அடிப்படை. தமிழ் ‘க’வும் இந்தி ‘க’வும் விரலுக்கு ஒன்றே, ஆங்கில ‘கே’ எழுத்துக்கும் அதே புள்ளிகள். தமிழகப் பள்ளியொன்றில் இன்று பார்வையற்ற சிறுமி தமிழ்ப் பாடத்தைத் தடவிப் படிக்கிறாள் என்றால், கலிப்போலியில் காயமுற்ற ஓர் இளைஞனுக்கு யாரோ தந்த நன்கொடையும் அந்தத் தாளில் இருக்கிறது.

5. கொடை வற்றும் காலம்

போர் நடக்கும்போது மக்கள் மனம் இளகுகிறது, பணம் குவிகிறது. போர் ஓய்ந்ததும் இரண்டும் ஓய்கின்றன. ஆனால் இருபது வயதில் காயமுற்றவர் எழுபது வயது வரையும் வாழக்கூடும். இது பார்வையிழந்தோருக்கு மட்டும் உரியதன்று. முதுகுத்தண்டு அடிபட்டவரைப் பாருங்கள்: படுக்கைப் புண் வராமலிருக்க அவரைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும்; சிறுநீர்த் தொற்றைக் கண்காணிக்க வேண்டும். இது ஒவ்வொரு நாளும், ஆண்டுக்கணக்கில் நடக்க வேண்டிய பணி. புனே அருகே கிர்க்கியிலும் பஞ்சாபின் மொகாலியிலும் உள்ள, இடுப்புக்குக் கீழ் செயலிழந்த படைவீரருக்கான மறுவாழ்வு மையங்களுக்குப் பராமரிப்போரின் கைகளே பெரிதும் வேண்டும். புதிய கருவிக்கும் கட்டடத்துக்கும் தர முன்வருவோர், உதவியாளரின் மாதச் சம்பளத்துக்குத் தரத் தயங்குவது எனக்கு வருத்தமளிக்கிறது. கல்வெட்டில் பெயர் வராத கொடைதான் அங்கே மிகத் தேவை.

1949 முதல் ஆண்டுதோறும் டிசம்பர் 7 அன்று இந்தியாவில் படைவீரர் கொடிநாள் கடைப்பிடிக்கப்படுகிறது. பள்ளிப் பிள்ளைகள் சட்டையில் குத்திக்கொள்ளும் அந்தச் சிறு கொடியின் பணம் கொடிநாள் நிதிக்குப் போகிறது. அந்நிதியைக் கையாளும் மத்திய சைனிக் வாரியம் நிதியுதவி அளிக்கும் நிறுவனங்களில் மேற்சொன்ன மறுவாழ்வு மையங்களும், பார்வையிழந்த முன்னாள் படைவீரரைக் கவனிக்கும் செயின்ட் டன்ஸ்டன்ஸ் அமைப்பும் உள்ளன. மாவட்ட அளவில் முன்னாள் படைவீரர் நல அலுவலகங்கள் இருக்கின்றன. டிசம்பர் வரை காத்திராமல் அங்கே போய் விசாரிக்கலாம். தனியார் அறக்கட்டளைக்குக் கொடுக்க விரும்புவோர், தணிக்கைக் கணக்கைப் பார்த்தபின் இன்னொன்றும் கேட்க வேண்டும்: பத்தாண்டுக்கு முன் உங்களிடம் வந்தவர் இப்போது எங்கே இருக்கிறார், என்ன செய்கிறார்?