கட்டியக்காரன் என்றொரு கார்

விற்றுவிட்ட பொருள்களில் ஒன்றை மட்டும் திரும்பப் பெறலாம் என்று யாரேனும் வரம் தந்தால், எங்கள் வீட்டில் உடன்பிறந்தார் மூவரும் கலந்து பேசாமலே ஒரே பொருளைத்தான் கேட்போம்: 1986ல் தந்தையார் விற்ற ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். நிலமும் விற்றிருக்கிறோம், நகையும் விற்றிருக்கிறோம். அவற்றைக் கேட்கத் தோன்றுவதில்லை. பழைய காருக்கு இத்தனை ஏக்கமா என்று நண்பர்கள் நகைப்பதுண்டு. ஆனால் அந்தக் காரின் கதை, சென்னை மறந்துபோன தன் தொழில் வரலாற்றில் ஒரு பகுதியும் ஆகும்.

ஹெரால்ட் பிறந்தது இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில், ஒரு நெருக்கடியின் விளைவாக. ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனத்துக்குக் காரின் மேற்கூடுகளைச் செய்து தந்துகொண்டிருந்த ஃபிஷர் அண்ட் லட்லோ நிறுவனத்தை 1953ல் போட்டியாளரான பி.எம்.சி. விலைக்கு வாங்கிவிட்டது. இனி முழுக்கூட்டையும் செய்து தர ஆளில்லை. ஆகவே கூட்டைத் துண்டுதுண்டாகப் பிரித்து, வெவ்வேறு பட்டறைகளில் செய்வித்து, கீழே ஒரு தனி சேசிஸ் வைத்து அதன்மேல் போல்ட் போட்டு முடுக்குவதென்று தீர்மானித்தார்கள். மற்றவர்கள் சேசிஸை விட்டு ஒற்றைக் கூட்டுக்கு மாறிக்கொண்டிருந்த காலத்தில் இது பின்னோக்கிய அடிதான். வேறு வழியில்லாத அந்த ஏற்பாட்டுக்கு அழகான முகம் கொடுத்தவர் இத்தாலியின் டூரின் நகரத்து வடிவமைப்பாளர் ஜியோவானி மிக்கலோட்டி. 1959 ஏப்ரலில் வண்டி வெளிவந்தது. முன்புறச் சிறகுகளோடு சேர்ந்து பானெட் முழுவதும் முன்னோக்கித் திறக்கும். உள்ளே நுழைந்து, சக்கரத்தின்மீதே அமர்ந்து எஞ்சினைப் பழுதுபார்க்கலாம். 25 அடி விட்டத்துக்குள் வண்டி திரும்பிவிடும். குறுகிய தெருக்களில் அது எத்தகைய வரம் என்பதை மயிலாப்பூர் மாடவீதிகளில் வண்டி ஓட்டியவர்கள் அறிவார்கள்.

துண்டுகளாக வரும் கார் தொலைதூர நாட்டில் பூட்டுவதற்கு ஏற்றது. சென்னையில் 1948லேயே ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்ற நிறுவனம் தொடங்கியிருந்தது. வண்டலூருக்கு அருகே ஜி.எஸ்.டி. சாலையோரம் தொழிற்சாலை. வான்கார்டும் ஸ்டாண்டர்ட் டென்னும் அங்கே உருவாயின. 1961ல் ஹெரால்ட் சேர்ந்தது. இங்கிலாந்தில் அதன் பெயர் டிரையம்ஃப் ஹெரால்ட், இங்கே ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். தாய்நாட்டில் 1963லேயே வழக்கொழிந்த அந்த 'ஸ்டாண்டர்ட்' என்ற பெயர் சென்னையில் மேலும் கால் நூற்றாண்டு வாழ்ந்தது. கல்கத்தாவின் அம்பாசடர், பம்பாயின் ஃபியட், சென்னையின் ஹெரால்ட்: நாட்டின் மொத்தத் தேர்வும் இந்த மூன்றுக்குள் ஏறக்குறைய அடங்கிவிட்ட காலம் அது. விநியோகத்தையும் ஒரு கட்டத்தில் விலையையும் அரசே நிர்ணயித்தது. புதிய காருக்குப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள்.

ஹெரால்ட் என்ற சொல்லுக்குக் கட்டியக்காரன் என்பது ஏறத்தாழச் சரியான தமிழ். கூத்தில் ராஜா வருகிறார் என்று அறிவித்துவிட்டு ஒதுங்கி நிற்பவன் அவன். யார் வருகையை இந்த வண்டி அறிவித்தது என்பது அன்று எவருக்கும் தெரியாது.

இங்கிலாந்தில் ஹெரால்டுக்கு நான்கு கதவு வைத்ததே இல்லை. சென்னையில் வைத்தார்கள். அறுபதுகளின் இறுதியில் வந்த மார்க் திரீ நான்கு கதவு கொண்டது. காரணத்தை யாரும் எங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. எங்களுடையது அதற்கு முந்தைய இரண்டு கதவு வண்டி. முன்னிருக்கையை மடக்கி, ஒன்பது கஜப் புடவையுடன் பாட்டியைப் பின்னால் ஏற்றி இறக்குவது ஒவ்வொரு பயணத்திலும் ஒரு திருவிழா. பின்சக்கரங்கள் தனித்தனியே ஊசலாடும் அமைப்பும் குறுக்கே கிடந்த ஒற்றை வில்பட்டையும் நம் சாலைகளுக்கும் நம் பாரத்துக்கும் ஒத்துவரவில்லை. மெக்கானிக்குகளும் அதை விரும்பவில்லை. 1972ல் வந்த கேஸல் வண்டியில் அதை நீக்கி வழக்கமான அச்சைப் பொருத்தினார்கள். பொறியியலில் அது பின்னடைவு, நடைமுறையில் விவேகம். எஞ்சின் மட்டும் அதே 948 சி.சி. தான். 1977ல் கேஸலும் நின்றது.

இறுதி முயற்சி 1985ல் வந்த ஸ்டாண்டர்ட் 2000. ரோவர் எஸ்.டி.1 என்ற பெரிய பிரிட்டிஷ் காரின் உடலுக்குள் வான்கார்ட் காலத்து வழிவந்த 1991 சி.சி. எஞ்சின். எண்ணெய்ச் சிக்கனமே பேச்சாகிவிட்ட காலத்தில், சிறிய மாருதிக்கு எதிரே இந்த வண்டி என்ன செய்யும்? 1988ல் அதன் உற்பத்தி முடிவுக்கு வந்தது. சரியாகப் பத்தாண்டு கழித்து, 1998ல், இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாயின் சான்ட்ரோ வெளியே வந்தபோது, சென்னையில் கார்த்தொழில் அன்றுதான் பிறந்ததுபோல் பத்திரிகைகள் எழுதின. எங்களுக்கு அது இன்றும் உறுத்தல்.

எங்கள் வண்டி போனதில் தொழில் வரலாற்றுக்குப் பங்கு உண்டு; எங்களுக்கும் உண்டு. பாகங்கள் கிடைப்பது அரிதாகிவிட்டது என்பது உண்மை. அதைவிடப் பெரிய உண்மை, எங்களுக்கு அந்த வண்டியைக் கண்டு வெட்கமாக இருந்தது. தெருவில் மாருதிகள் வரத் தொடங்கியிருந்தன. கல்லூரிக்கு ஒரு தெரு முன்பாகவே இறக்கிவிடும்படி தந்தையாரிடம் சொன்னோம். அவர் ஏன் என்று ஒரு நாளும் கேட்கவில்லை. அந்தத் திருப்பத்தில் தாமாகவே நிறுத்துவார். சில மாதங்களில் வண்டியை விற்றுவிட்டார். வாங்க வந்தவருக்கு பானெட்டைத் திறந்து அரைமணி நேரம் விளக்கினார். நாங்கள் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தோம். அதன்பின் அவர் கார் வாங்கவே இல்லை.

சென்னையில் பழைய கார்களின் அணிவகுப்பு நடக்கும்போதெல்லாம் போய்வருகிறோம். ஹெரால்டுகள் இரண்டு மூன்றேனும் வரும். எங்கள் வண்டியின் எண் மனப்பாடம், அது வந்ததில்லை. ஆயினும் எண்ணை மட்டும் பார்த்துத் திரும்புவதில்லை. போல்ட் போட்டுப் பூட்டிய வண்டி அல்லவா? ஒன்றின் கதவு இன்னொன்றில் இருக்கும். ஒன்றின் பானெட் வேறொன்றில் இருக்கும். எங்கள் வண்டியின் பானெட்டின் உட்புறத்தில், இடப்பக்கம், கதவுநிலையில் மோதிய நசுங்கலைத் தந்தையார் சுத்தியலால் தட்டி நிமிர்த்திய தடம் உண்டு. கட்டைவிரல் அளவில் ஏழெட்டுப் பள்ளங்கள். உரிமையாளரிடம் பக்குவமாகப் பேச்சுக் கொடுத்து, ஒருமுறை பானெட்டைத் திறந்து காட்டுவீர்களா ஐயா என்று கேட்கிறோம். பெருமையோடு திறப்பார்கள், எஞ்சினைப் பற்றிச் சொல்லத் தொடங்குவார்கள். நாங்கள் குனிந்து உள்பக்கத் தகரத்தைத் தடவிப் பார்க்கிறோம்.