இதற்கு முன் என்ன நோய் வந்தது? – படைக்கு ஆள் எடுத்தவர்கள் கேட்ட கேள்வி

போன மாதம் மாலை நடை முடித்து பூங்கா பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். சி பிளாக்கிலிருந்து ஓர் அம்மா வந்தார். பையன் ராணுவத்துக்கு எழுதித் தேறிவிட்டான், அடுத்தது மெடிக்கல். "நாலாவது படிக்கும்போது அவனுக்கு மஞ்சள் காமாலை வந்துச்சு சார். முன்னாடி என்னென்ன நோய் வந்ததுன்னு ஃபார்ம்ல கேட்கிறாங்க. எழுதணுமா, விட்டுடலாமா?" என்றார். நான் டாக்டர் இல்லை. பள்ளியில் வரலாறு சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவன். டாக்டரைக் கேளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. வீட்டுக்கு வந்து பழைய புத்தகங்களைப் புரட்டினேன். கிடைத்ததைத்தான் இந்த இதழில் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

நோய் வந்தவனைப் படையில் சேர்க்க மாட்டார்கள் என்றுதான் நீங்களும் நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் நோய் வந்தவன்தான் வேண்டும் என்று தேடிய காலமும் இருந்திருக்கிறது.

1776 மார்ச் 17. அமெரிக்க விடுதலைப் போர். பாஸ்டன் நகரை விட்டு பிரிட்டிஷ் படை கப்பலேறிவிட்டது. ஊர் காலி, உள்ளே போய்ப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் ஊருக்குள் பெரியம்மை. ஜார்ஜ் வாஷிங்டன் என்ன செய்தார் தெரியுமா? முதலில் உள்ளே அனுப்ப ஆயிரம் பேரைப் பொறுக்கி எடுத்தார். அதற்குத் தகுதி ஒன்றே ஒன்று: ஏற்கெனவே அம்மை வந்து பிழைத்திருக்க வேண்டும். நம் ஊரில் பெண் பார்க்கும்போது குறையாகப் பேசப்பட்ட அம்மைத் தழும்பு, அங்கே அன்று நுழைவுச் சீட்டாக இருந்தது.

வாஷிங்டனுக்கே அந்தத் தகுதி உண்டு. 1751-இல், 19 வயதில், அண்ணனோடு பார்படோஸ் தீவுக்குப் போனபோது பெரியம்மை கண்டு பல நாள் படுத்துக் கிடந்தார். முகத்தில் லேசாகத் தழும்பு. அந்த அனுபவம் இல்லாத தளபதியாக இருந்திருந்தால், பின்னால் அவர் எடுத்த முடிவை எடுத்திருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

அந்த முடிவுக்குக் காரணம் கனடா. கியூபெக் நகரைப் பிடிக்கப் போன அமெரிக்கப் படையைப் பீரங்கியைவிட அம்மைதான் அதிகம் கலைத்தது. பொறுப்பேற்கப் போன ஜெனரல் ஜான் தாமஸ் 1776 ஜூன் மாதம் அம்மையிலேயே இறந்துபோனார். அவர் தொழிலால் மருத்துவர் என்பது இதில் கூடுதல் சோகம். பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. அவர்களில் பெரும்பாலோர் நெருக்கடியான ஊர்களில் வளர்ந்து, சின்ன வயதிலேயே அம்மை கண்டு தேறியவர்கள். ஒதுங்கிய பண்ணைகளிலிருந்து வந்த ஆரோக்கியமான அமெரிக்க இளைஞர்கள்தான் கொத்துக் கொத்தாக விழுந்தார்கள்.

அப்போது ஜென்னரின் தடுப்பூசி கிடையாது, அது வந்தது 1796-இல். இருந்தது பழைய முறை. அம்மைப் புண்ணிலிருந்து எடுத்த பொருளை நல்ல உடம்பில் கீறி ஏற்றுவார்கள். வங்காளத்தில் டீக்காதார்கள் வீடு வீடாகப் போய்ச் செய்துவந்ததும் இதுதான். ஏற்றிக்கொண்டவருக்கு உண்மையான அம்மையே வரும், ஆனால் பெரும்பாலும் லேசாக வரும். நூற்றுக்கு ஒருவர் இருவர் இறப்பார்கள். தானாக வந்தால் பத்துக்கு மூன்று பேர்வரை போவார்கள். கணக்குப் பார்த்தால் லாபம்தான். ஆனால் ஏற்றிக்கொண்டவன் சில வாரம் படுக்கையில் கிடப்பான், அதுவரை மற்றவருக்கும் பரப்புவான். பாதிப் படை படுத்துக் கிடக்கும்போது எதிரிக்குச் செய்தி போனால் என்ன ஆகும்? வாஷிங்டன் மாதக்கணக்கில் தயங்கினார். கடைசியில் 1777 பிப்ரவரியில் மாரிஸ்டவுன் முகாமிலிருந்து உத்தரவு போட்டார்: அம்மை வராத எல்லோருக்கும் ஏற்றிவிடுங்கள், புதிதாகச் சேருகிறவர்களை முகாமுக்கு அனுப்பும் முன்பே வழியில் பிலடெல்பியாவில் ஏற்றிவிடுங்கள். எல்லாம் ரகசியமாக. ஆக, படையில் சேர வந்தவனிடம் முதலில் கேட்ட கேள்விகளில் ஒன்று, "உனக்கு அம்மை வந்திருக்கிறதா?"

நம் குடியிருப்பிலேயே அறுபது தாண்டியவர்கள் மேல்கையைப் பாருங்கள். வட்டமான தழும்பு இருக்கும், என் கையிலும் இருக்கிறது. பெரியம்மை ஒழிந்ததாக உலகச் சுகாதார அமைப்பு 1980-இல் அறிவித்த பிறகு பிறந்த உங்கள் பிள்ளைகளிடம் அது இருக்காது.

முதல் உலகப் போரிலும் இதே கதைதான், நோய் மட்டும் வேறு. 1917-இல் அமெரிக்கா அவசர அவசரமாக முகாம்கள் கட்டி லட்சக்கணக்கான இளைஞர்களை அடைத்தது. உடனே தட்டம்மை கிளம்பியது, அதைத் தொட்டு நிமோனியா. அதிகம் மாட்டியவர்கள் கிராமத்துப் பையன்கள். மருத்துவப் பரிசோதனையில் மார்பு அளவும் எடையும் பார்த்து "முதல் தரம்" என்று எழுதப்பட்ட உடம்புகள் அவை. நகரத்து நோஞ்சான் பையன் சிறு வயதிலேயே தட்டம்மையைப் பார்த்தவன், அவன் பாட்டுக்குத் திரிந்தான்.

இனி மஞ்சள் காமாலைக்கு வருவோம். அந்த அம்மாவின் கேள்விக்கு இதுதான் நெருக்கமானது.

இரண்டாம் உலகப் போர். வெப்ப நாடுகளில் சண்டை வரும், மஞ்சள் காய்ச்சல் தாக்கும் என்று பயந்த அமெரிக்க ராணுவம், சிப்பாய்களுக்கு அதற்கான தடுப்பூசியைப் போட்டது. மாக்ஸ் தைலர் கண்டுபிடித்த நல்ல தடுப்பூசி அது. அதற்காகவே அவருக்குப் பின்னாளில் நோபல் பரிசு கிடைத்தது. குறை தடுப்பூசியில் இல்லை. மருந்து கெடாமல் இருக்க அதில் மனித ரத்தத்தின் சீரம் கலந்தார்கள். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த மாணவர்களும் செவிலியர்களும் விருப்பப்பட்டுக் கொடுத்த ரத்தம். பலருடைய சீரத்தை ஒன்றாகச் சேர்த்து, 56 டிகிரி சூட்டில் வைத்துப் பயன்படுத்தினார்கள். கொடுத்தவர்கள் எல்லோரும் பார்ப்பதற்கு ஆரோக்கியமாகத்தான் இருந்தார்கள். அவர்களில் சிலருக்கு முன்பு மஞ்சள் காமாலை வந்திருந்தது பிறகுதான் தெரிந்தது.

1942 தொடக்கத்தில் சிப்பாய்களின் கண் மஞ்சளானது. ஊசி போட்டு இரண்டு முதல் ஐந்து மாதம் கழித்து நோய் வெளிப்பட்டதால், எதனால் வந்தது என்று பிடிக்கவே நாளானது. இங்கே எனக்குக் கோபம் வரும் இடம் ஒன்று உண்டு. இதே போன்ற காமாலையை 1937-இலேயே இங்கிலாந்தில் இருவர் எழுதி வைத்திருந்தார்கள். பிரேசிலில் அதுவே நடந்து, அங்கே மனித சீரம் கலப்பதையே நிறுத்திவிட்டார்கள். எச்சரிக்கை மேசைமேல் இருந்தும் போர் அவசரத்தில் யாரும் காதில் வாங்கவில்லை. 1942 ஏப்ரலில்தான் சீரம் கலந்த மருந்தை நிறுத்தினார்கள். அந்த ஜூலையில் போர்த்துறைச் செயலர் ஸ்டிம்சன் வெளியிட்ட கணக்கு: காமாலை கண்டவர்கள் 28,500-க்கு மேல், இறந்தவர்கள் 62. மொத்தத்தில் சுமார் 50,000 பேர் நோயில் விழுந்தார்கள்.

அது எந்த வைரஸ் என்று அன்று யாருக்கும் தெரியாது. ஹெபடைடிஸ் பி என்ற பெயரே பிந்தையது. 1980-களில், அந்தப் பழைய வீரர்களில் 597 பேரைத் தேடிப் பிடித்து ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். காமாலை வந்தவர்களில் நூற்றுக்கு 97 பேருக்கு மேல் ஹெபடைடிஸ் பி-யின் சுவடு இருந்தது. அதே ஊசி போட்டும் ஒன்றும் ஆகாமல் திரிந்தவர்களிலும் 76 சதவீதம் பேருக்கு இருந்தது! சீரம் இல்லாத புது மருந்து போட்டவர்களில் 13 சதவீதம்தான். இதை வைத்துத்தான் 3,30,000 பேருக்குத் தொற்றியிருக்கும் என்று கணித்தார்கள். ஆறுதல் என்னவென்றால், பரிசோதித்தவர்களில் வைரஸை இன்னும் உடம்பில் சுமந்தவர் ஒரே ஒருவர். பெரியவர்களுக்கு வந்தால் பெரும்பாலும் உடம்பே விரட்டிவிடும். பிறந்த குழந்தைக்குத் தொற்றினால் பெரும்பாலும் தங்கிவிடும். அதனால்தான் இப்போது மகப்பேறு மருத்துவமனையிலேயே பிள்ளைக்கு ஊசி போடுகிறார்கள்.

நம் கம்யூனிட்டி ஹாலில் ரத்ததான முகாம் நடந்தபோது, "மஞ்சள் காமாலை வந்திருக்கிறதா?" என்று படிவத்தில் கேட்டார்களே, நினைவிருக்கிறதா? வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் படிக்காமலே எல்லாவற்றுக்கும் "இல்லை" என்று டிக் அடித்துக்கொண்டு போனார். ஹாப்கின்ஸ் மாணவர்கள் விஷயத்தில் அதே கேள்வியைக் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

காமாலை என்பது ஒரு நோயின் பெயர் அல்ல, ஓர் அறிகுறி. நம் பக்கம் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துச் சரியாகும் காமாலைகளில் பெரும்பாலானவை தண்ணீரில் வரும் ஹெபடைடிஸ் ஏ வகை. (அடுத்த வாரம் சம்ப் கழுவும்போது தண்ணீர் வராது, வழக்கம்போல் வாட்ஸ்அப்பில் சண்டை வேண்டாம்.) அது வந்து போனால் உடம்பில் தங்காது, மறுபடி வராமல் காக்கவும் செய்யும். பி, சி வகைகள் வேறு. எது என்று ரத்தப் பரிசோதனை சொல்லிவிடும். வாஷிங்டனின் மருத்துவர்களுக்கும் 1942-இன் மருத்துவர்களுக்கும் அந்த வசதி இல்லை. ஆளின் வாய்ச்சொல்தான் அவர்களுக்குக் கிடைத்த ஒரே சான்று.

இவ்வளவையும் அந்த அம்மாவிடம் லிஃப்ட் வாசலில் நின்றே சொல்லி முடித்தேன். லிஃப்ட் இரண்டு முறை வந்து போனது. பீரோவில் பையனின் பழைய லேப் ரிப்போர்ட்டைத் தேடியதாகவும், ஹெபடைடிஸ் ஏ என்றே அதில் போட்டிருப்பதாகவும் மறுநாள் சொன்னார். ஃபார்மில் வருடத்தோடு எழுதி, அதன் நகலையும் சேர்த்து வைத்திருக்கிறானாம். மெடிக்கல் அடுத்த மாதம்.